காயல்: இடம்பெயர்ந்த துறையும் இடம்பெயராத ஊரும்

பூமியில் பயணம் செய்து, முன்வாழ்ந்தோர் நிலை என்னவாயிற்று என்று காணுமாறு திருமறை பல இடங்களில் மனிதனை அழைக்கின்றது. இக்கட்டளையை நிறைவேற்ற நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் ஒரு பகற்பொழுதில் நடந்து பார்த்துவிடக்கூடிய நிலப்பரப்பினுள் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்னும் நான்கு ஊர்கள் அங்கே உள்ளன. அவற்றுள் மூன்று ஊர்களின் பெயரில் 'காயல்' என்னும் சொல் நிற்கின்றது. உலகப் பயணிகள் வியந்து எழுதிய காயல் துறைமுகம் இம்மூன்றனுள் எது என்ற வினா நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வாளரிடையே இருந்துவருகின்றது.

இவ்வினாவை ஊர்ப்பெருமைக்குரிய வழக்காகக் கருதி வாதிடுவோர் உளர். நாம் அவ்வழி செல்லவில்லை. நிலத்தின் இயல்பையும் நூல்களின் சான்றையும் கல்லின் சான்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போமாயின், துறைமுகம் இடம் மாறியதற்கும் காயல்பட்டினம் என்னும் சிறுநகர் இன்றளவும் நிலைத்து நிற்பதற்குமான காரணங்கள் தெளிவாகும். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

காயல்பட்டினம் தூத்துக்குடி மாவட்டத்தில், மன்னார் வளைகுடாவின் கரையில், திருச்செந்தூருக்கு வடக்கே அமைந்துள்ளது. தூத்துக்குடியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 40,588. வடமேற்கே ஆறுமுகநேரியை ஒட்டி உப்பளங்கள் விரிகின்றன. தென்மேற்கே சென்றால் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும் பனங்காடுகளும் தொடங்குகின்றன. ஊர் நிலம் மணற்பாங்கானது, உவர் கலந்தது. நெல்லும் வாழையும் செழிக்கும் தாமிரபரணிப் பாசனப் பகுதி அருகிலேயே இருந்தும், இவ்வூர் மக்கள் உழவை நம்பி வாழ்ந்தவரல்லர். அவர்களின் விளைநிலம் கடலுக்கு அப்பால் இருந்தது.

'காயல்' என்பது கடலோரத்து உப்பங்கழியையும், ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் நீர்நிலையையும் குறிக்கும் சொல். மலையாளத்தில் அச்சொல் இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. எனவே காயல் என்பது முதலில் ஓர் ஊரின் பெயரன்று. ஒரு நிலவியல்பின் பெயர். கழிமுகம் எங்கே இருந்ததோ அங்கே காயல் இருந்தது. கழிமுகம் நகர்ந்தபோது பெயரும் உடன் நகர்ந்தது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டால் பின்னர் வரும் சிக்கல்கள் பலவும் எளிதில் அவிழும்.

பொதிகை மலையில் பிறந்து ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிக் கடல்சேரும் தாமிரபரணி, தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் பெறும் ஆறு. மலையிலிருந்து அது கொணரும் வண்டலும் மணலும் கழிமுகத்தில் படிகின்றன. கடலின் நீரோட்டமும் அலைகளும் மணலைக் கரையோரமாக ஒதுக்கித் திட்டுகளாக்குகின்றன. கரை சிறிது சிறிதாகக் கடலுக்குள் முன்னேறுகின்றது. ஒரு தலைமுறையின் கண்ணுக்கு இம்மாற்றம் புலப்படாது. பத்துத் தலைமுறைகளில் ஒரு துறைமுகம் வயலாகிவிடும்.

அவ்வாறு வயலானதே கொற்கை. சங்கப் புலவர்கள் முத்துக்காகப் பாடிய பாண்டியரின் துறை அது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு நூல் அதனைக் 'கொல்கோய்' என்று குறிப்பிட்டு, அங்கு நடைபெற்ற முத்துக்குளித்தலையும் பேசுகின்றது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968-69இல் அங்கு அகழாய்வு நடத்தியபோது கிடைத்த கரிமப் பொருளொன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. அத்துணைத் தொன்மையான துறை இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 6 கி.மீ. உள்ளே, ஒரு சிற்றூராக நிற்கின்றது. கப்பல் நின்ற இடத்தில் ஏர் ஓடுகின்றது.

கொற்கை தூர்ந்தபின் அதற்குக் கிழக்கே, புதிய கழிமுகத்தில் காயல் எழுந்தது. அதுவும் தூர்ந்து 'பழைய' காயலாயிற்று. ஆறு கடல்சேரும் இடத்தில் பின்னர் எழுந்தது புன்னைக்காயல். இம்மூன்றும் ஆற்றோடு கட்டுண்ட ஊர்கள். காயல்பட்டினமோ கழிமுகத்திலிருந்து சற்று விலகி, தெற்கே திறந்த கடற்கரையில் அமைந்தது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க.

மஃபரும் குதிரைகளும்

அரபுப் புவியியலாளரும் பாரசீக வரலாற்றாசிரியரும் சோழமண்டலக் கரையையும் பாண்டி நாட்டுக் கரையையும் 'மஃபர்' என்று அழைத்தனர். 'அபர' என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல்லுக்குக் கடக்குமிடம், கடவுத்துறை என்று பொருள். இப்பெயர் நிலத்தில் நின்று சூட்டிய பெயரன்று. கப்பலில் இருந்து சூட்டிய பெயர் என்பது வெளிப்படை. 'பட்டினம்' என்னும் தமிழ்ச்சொல் அவர்கள் எழுத்தில் 'ஃபத்தன்' என்றாயிற்று. அரபியில் பகர ஒலி இல்லாமையால் அது ஃபாவாக மாறியது. 'காயல்' என்பதைக் காஃப், அலிப், யா, லாம் என்னும் எழுத்துகளால் 'காயில்' என்று எழுதினர்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய நூலில் மஃபர் பற்றி விரிவாகப் பேசுகின்றார். கூலம் (கொல்லம்) முதல் நீலாவர் (நெல்லூர்) வரை அந்நாடு பரவியிருந்தது என்பது அவர் கூற்று. அந்நாளில் ஆண்டவர் முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியர் (ஆட்சித் தொடக்கம் கி.பி. 1268). பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட வணிகப் பெருமகன் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபி என்பவரின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டியரின் அமைச்சராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். ஃபத்தன், மலீ ஃபத்தன், காயில் ஆகிய துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன.

வணிகத்தின் உயிர்நாடி குதிரை. ஜமாலுத்தீன் தம் பொறுப்பில் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப வேண்டும் என்பது உடன்பாடு. இவையன்றி கதீஃப், அல்அஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத் முதலிய துறைகளிலிருந்தும் குதிரைகள் வந்தன. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மஃபரிலும் கம்பாயத்திலும் அவற்றை அடுத்த துறைகளிலும் இறங்கின என்றும், ஒன்றின் விலை செம்பொன் தீனார் 220 என்றும் வஸ்ஸாஃப் கணக்குத் தருகின்றார். ஆக 22 லட்சம் தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலத்திலிருந்து விலை கொடுக்கப்பட்டது என்பதும் அவர் தரும் செய்தி. இவ்வெண்களில் மிகை கலந்திருக்கலாம். ஆயினும் ஓர் அரசு தன் படைவலிமைக்குக் கடல்வழி வணிகரை எத்துணைச் சார்ந்திருந்தது என்பதை அவை காட்டுகின்றன.

இதே காலத்தில், ஏறத்தாழ 1292-93 அளவில், இக்கரையைக் கண்ட வெனிஸ் நாட்டு மார்க்கோ போலோ, காயலை ஒரு பெரிய, சிறந்த நகரம் என்கின்றார். ஹுர்முஸ், கீஷ், ஏதன் முதலாய அரபுத் துறைகளிலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்கள் யாவும் அங்கு நின்றன என்றும் குறிக்கின்றார். அந்நகர் ஐந்து சகோதர மன்னர்களுள் மூத்தவருக்கு உரியது என்ற அவர் குறிப்பு, பாண்டியர் ஐவராகப் பங்கிட்டு ஆண்ட வழக்கத்தோடு ஒத்துப்போகின்றது. இந்நாட்டில் குதிரைகளுக்கு இறைச்சி கலந்த சோறு ஊட்டினர் என்றும், அதனால் அவை நெடுநாள் வாழ்வதில்லை என்றும் அவர் வியப்போடு எழுதுகின்றார். குதிரை நிலைத்திராத நாட்டில் குதிரை வணிகம் நிலைத்திருந்தது.

பதினைந்தாம் நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கலங்கள் இக்கடல்வழி சென்றபோது தொட்ட நாடுகளுள் ஒன்றாகச் சீன வரலாற்றேடுகள் 'ஜியாயிலே' என்னும் பெயரைக் குறிக்கின்றன. அது காயலே என்பது ஆய்வாளர் முடிபு. செங் ஹோவும் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

எந்தக் காயல்?

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். திருநெல்வேலிப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல், 1870களில் கொற்கையிலும் பழையகாயலிலும் நிலத்தைத் தோண்டி ஆராய்ந்தார். பழையகாயலைச் சுற்றி நெடுந்தொலைவு வரை உடைந்த ஓடுகளும் மட்கலத் துண்டுகளும் சிதறிக் கிடந்ததையும், அவற்றுள் சீனப் பீங்கான் துண்டுகள் இருந்ததையும் கண்டார். மார்க்கோ போலோவின் காயல் இதுவே என்று முடிவு செய்தார். மார்க்கோ போலோவின் நூலுக்கு ஆங்கில உரை எழுதிய ஹென்றி யூல் அம்முடிபை ஏற்றார். காயல்பட்டினத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது என்பது அவர்கள் எச்சரிக்கை.

கால்டுவெல் கண்ட சான்று மறுக்கத்தக்கதன்று. மண்ணுக்குள் கிடந்த சீனப் பீங்கானுக்கு எவ்வூர்ப் பற்றும் இல்லை. ஆனால் அவர் மண்ணின் சான்றைப் பார்த்த அளவுக்குக் கல்லின் சான்றைப் பார்க்கவில்லை. காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களையும் அவற்றைச் சூழ்ந்த அடக்கத்தலங்களையும் பின்னாளில் ஆராய்ந்தோர், இவ்வூரும் இடைக்காலத்திலேயே செல்வமும் மதிப்பும் பெற்ற முஸ்லிம் குடியிருப்பாக விளங்கியதைக் காட்டியுள்ளனர். மெஹர்தாத் ஷுகூஹீ 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய ஆங்கில நூலில் இவ்வூர்ப் பள்ளிவாசல்கள் தனியே இடம்பெற்றுள்ளன.

கல்வெட்டுகள் இவ்வூரைச் 'சோனாடுகொண்டான்பட்டினம்' என்னும் பெயராலும் வழங்குகின்றன. சோழநாட்டை வென்ற பாண்டியரின் விருதுப்பெயரால் அமைந்த ஊர்ப்பெயர் அது. ஆகவே துறையின் பெயர் காயல். அத்துறையைச் சார்ந்த ஒரு பட்டினத்திற்கு அரசு சூட்டிய பெயர் சோனாடுகொண்டான்பட்டினம் என்று கொள்வது பொருந்தும். கடலோடிகளின் வழக்கில் துறைப்பெயர் என்பது ஒரு கழிமுகத்தையும், அதனையடுத்த நங்கூரத் தலங்களையும், வணிகர் வாழ்ந்த குடியிருப்புகளையும் ஒருங்கே தழுவுவது. சரக்கிறங்கிய இடம் ஒன்றாகவும், வணிகர் வீடுகட்டி வாழ்ந்த இடம் வேறொன்றாகவும் இருந்தால் இரண்டையும் 'காயில்' என்றே அவர்கள் எழுதியிருப்பர். ஆதலின் பழையகாயலா காயல்பட்டினமா என்று ஒன்றை நாட்டி மற்றொன்றை வீழ்த்துவது தேவையற்றது. இது நம் கருத்து. மேலும் அகழாய்வு நிகழுமாயின் அது செம்மைப்படலாம்.

காஹிரீ என்னும் அடைமொழி

ஊர்ப்பெயர் பற்றிய மற்றொரு செய்தியும் அரபி கற்றோர் சிந்தனைக்குரியது. காயல்பட்டினத்து ஆலிம்கள் தம் அரபு நூல்களில் தம் பெயரோடு 'அல்காஹிரீ' என்னும் நிஸ்பாவை இணைத்து எழுதினர். ஊரை 'காஹிர் ஃபத்தன்' என்றும் குறித்தனர். இதனைக்கொண்டு, எகிப்தின் கெய்ரோ நகரிலிருந்து (அல்காஹிரா) ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வந்து குடியேறியோரே இவ்வூராரின் முன்னோர் என்னும் செவிவழி வரலாறு வழங்கிவருகின்றது.

முன்னோர் கூற்றை மதிப்பது நம் மரபு. அதனை ஆராய்ந்து மதிப்பது நம் முஹத்திஸ்களின் மரபு. இஸ்னாதை மட்டுமன்றி மத்னையும் எடைபோட்டவர்கள் அவர்கள். அம்முறையில் நோக்கினால், அல்காஹிரா என்னும் நகரம் பாத்திமீக்களின் படைத்தலைவர் ஜவ்ஹரால் ஹிஜ்ரி 358இல், அதாவது கி.பி. 969இல் நிறுவப்பட்டது. அதற்கு முன் எகிப்தின் தலைநகர்ப் பகுதி ஃபுஸ்தாத் என்றே அறியப்பட்டது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலோ காஹிரா என்னும் நகர் இல்லை. எனவே அக்காலத்தில் எகிப்திலிருந்து மக்கள் வந்தனர் என்று கொண்டாலும், ஊர்ப்பெயரை அவர்கள் அங்கிருந்து கொண்டுவந்திருக்க இயலாது.

பின் இந்த நிஸ்பா எவ்வாறு வந்தது? 'காயல்' என்னும் தமிழ்ப் பெயரை அரபியில் ஒலிபெயர்த்தால் 'காயில்' என்றாகி, 'சொல்பவன்' என்னும் பொருளுடைய அரபுச் சொல்லோடு மயங்கும். ஒலியில் நெருங்கியதும் பொருளில் சிறந்ததுமான 'காஹிர்' (வெற்றி கொள்வது) என்னும் சொல்லை ஆலிம்கள் தெரிந்தெடுத்திருக்கலாம் என்பது நம் துணிபு. இவ்விளக்கத்தால் ஊரின் அரபுத் தொடர்பு குறைந்துவிடுவதில்லை. ஷாஃபியீ மத்ஹபைப் பின்பற்றுதலும், யமன், ஹள்ரமவ்த், பாரசீக வளைகுடா ஆகிய கரைகளோடு கொண்ட உறவும் அத்தொடர்புக்குப் போதிய சான்றுகள்.

கல் சொல்வன

நூலெழுதியோர் பிற நாட்டவர், வந்து சென்றோர். ஊரில் வாழ்ந்து மறைந்தோரைப் பற்றிப் பேசுவன கற்களே. காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்கள் கருங்கல்லால் ஆனவை. தட்டையான கற்கூரை, வரிசையான தூண்கள், தூணின் மேல் போதிகை, முன்னே மண்டபம் என அவற்றின் அமைப்புத் தமிழ்நாட்டுக் கட்டடக்கலையோடு ஒன்றியது. உருவங்களுக்கு மாறாகப் பூவேலையும் கொடியும் வடிவியல் கோலங்களும் செதுக்கப்பட்டுள்ளன. பாண்டி நாட்டுக் கோயில் மண்டபங்களைக் கட்டிய தச்சர் மரபே இவற்றையும் கட்டியது என்பதைப் பார்த்தவுடன் உணரலாம். கிப்லாவைக் காட்டியவர் ஓர் ஆலிம். உளி பிடித்தவர் ஒரு தமிழ்ச் சிற்பி.

அரசர் ஆதரவும் இவ்வாறே அமைந்தது. இவ்வூர்ப் பள்ளி ஒன்று வேணாட்டு மன்னர் உதயமார்த்தாண்டரின் பெயரால் 'உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி' என வழங்கியதைத் தமிழ்க் கல்வெட்டு கூறுகின்றது. துறையில் ஏற்றி இறக்கும் சரக்குகளின் மீது ஒரு சிறு பங்கு அப்பள்ளிக்கு உரியதாக்கப்பட்டது. பிற சமயத்து மன்னர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பள்ளியில் முஸ்லிம்கள் ஜும்ஆத் தொழுதனர். இன்று இதனை எடுத்துச் சொல்வது கடமையாகிவிட்டது.

பள்ளிகளைச் சூழ்ந்து அடக்கத்தலங்களும், அவற்றில் மீஸான் கற்களும் உள்ளன. அரபியில் 'மீஸான்' என்றால் துலாக்கோல். நம் வழக்கில் அது கப்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடும் கல்லைக் குறிக்கும். பழைய மீஸான் கற்களில் இறைநாமம், மரணத்தை நினைவூட்டும் மறைமொழி, இறந்தவர் பெயர், தந்தை பெயர், சிலவற்றில் நிஸ்பா, பின் மறைந்த நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கு காணப்படும். ஆண்டு பெரும்பாலும் எண்ணாக அன்றி எழுத்தாலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றின் இடம், பத்தின் இடம், நூற்றின் இடம் என்னும் அரபு முறையில் அதனைப் படிக்க வேண்டும். 'இரண்டு எழுநூறு' என்று கண்டால் ஹிஜ்ரி 702. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள்களைக் கொண்டதாதலால் 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 சூரிய ஆண்டுகளுக்குச் சமம். ஆகவே ஹிஜ்ரி எண்ணோடு 622ஐக் கூட்டிவிடுவது பிழை. ஹிஜ்ரி எண்ணை 33ஆல் வகுத்து வந்த ஈவைக் கழித்தபின் 622ஐக் கூட்ட வேண்டும். 702ஐ 33ஆல் வகுத்தால் 21. 702இல் 21 கழிய 681. 622 கூட்ட 1303. அந்த ஹிஜ்ரி ஆண்டு உண்மையில் கி.பி. 1302 ஆகஸ்டில் தொடங்குகின்றது. ஓராண்டு முன்பின் வரும் என்ற எச்சரிக்கையோடு இவ்வழியைக் கையாளலாம். தமிழ்க் கல்வெட்டுகளில் கொல்லம் ஆண்டு காணப்படுமாயின் 824 அல்லது 825 கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும்.

இக்கணக்கை ஈண்டு விரித்தமைக்குக் காரணம் உண்டு. ஒருமுறை நம் மாணவர் சிலருடன் கடற்கரை ஊரொன்றின் மையவாடியில் பழைய கற்களைப் படிக்க முயன்றோம். ஊர்ப்பெயர் இங்கு வேண்டாம். எழுத்துள்ள ஒரு கல், ஹவ்ழின் ஓரத்தில் கால் கழுவும் படியாகப் பதிக்கப்பட்டிருந்தது. பெயரிருந்த பகுதி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. நூற்றாண்டு குறிக்கும் ஒரே சொல் மட்டும் எஞ்சியிருந்தது. எண்ணூறு. அக்கல்லுக்குரியவர் யார் என்பதை இனி எவரும் அறிய இயலாது. தவறு செய்தவர்கள் தீயோரல்லர். படிக்கத் தெரியாத கல்லைப் பயனுள்ள கல்லாக்கினர். அரபி கற்பித்தும் கல்லெழுத்தைப் படிக்கக் கற்பிக்காத நம்மைப் போன்ற ஆசிரியர்க்கும் அதில் பங்கு உண்டு.

துறை கைவிட்டுப் போதல்

1311இல் மாலிக் காஃபூரின் படையெடுப்பும், அதன்பின் மதுரை சுல்தான்களின் ஆட்சியும், விஜயநகரத்தின் எழுச்சியும் பாண்டி நாட்டை உலுக்கின. ஆயினும் காயலின் வணிகம் அறுபடவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கீசியர் பார்போசா, காயலில் மிக்க செல்வமும் செல்வாக்கும் உடைய முஸ்லிம் ஒருவர் முத்துக்குளிப்பின் வரி உரிமையைப் பெற்றிருந்தார் என்றும், முஸ்லிம்களின் வழக்குகளை அவரே தீர்த்து வைத்தார் என்றும் குறிக்கின்றார்.

அந்நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தவர் போர்த்துக்கீசியரே. 1530களின் இடைப்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்கம் தழுவிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். 1538இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் மரைக்காயர் கடற்படை தோல்வியுற்றது. முத்துக்கடலின் மேலாண்மை கைமாறியது. புன்னைக்காயல் போர்த்துக்கீசியரின் தலைமைத் தலமாகவும், தமிழில் அச்சுநூல் செய்த ஹென்றிக்கஸ் பாதிரியார் பணியாற்றிய இடமாகவும் விளங்கிற்று. பின்னர் அவர்களின் நாட்டம் தூத்துக்குடிக்குத் திரும்பியது. 1658இல் அதனை டச்சுக்காரர் கைப்பற்றினர். ஆற்றின் மண்ணும் அரசியலும் சேர்ந்து காயல் துறையை முடித்தன. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடிப் புதுத் துறை, கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பிக் கட்டப்பட்டது. கழிமுகத்தை நம்பி மரக்கலம் விட்ட காலம் அதற்கு நெடுநாள் முன்பே மறைந்துவிட்டது.

ஊர் நின்றது எவ்வாறு?

துறை போனபின் கொற்கை சிற்றூராயிற்று, பழையகாயலும் அவ்வாறே. காயல்பட்டினம் மட்டும் ஒரு பட்டினமாகவே நீடித்தது. இதற்கு மூன்று காரணங்களை நாம் கருதுகின்றோம்.

முதலாவது, அதன் வணிகர் துறையோடு கட்டுண்டவரல்லர். தம் ஊரில் கப்பல் வாராதபோது கப்பல் வரும் ஊர்களுக்கு அவர்கள் சென்றனர். கொழும்பும் கல்கத்தாவும் அவர்களின் கடைவீதிகளாயின. மணிக்கல் வணிகம் அவர்களைப் பின்னாளில் ஹாங்காங் வரை கொண்டு சென்றது.

இரண்டாவது, வீட்டின் அமைப்பு. இவ்வூரில் மணமகன் மணமகள் வீட்டில் வந்து வாழ்வது வழக்கம். வீடு மகளுக்கு வழங்கப்படும். ஆடவர் ஆண்டுக்கணக்கில் கடல்கடந்து இருந்தபோதும் பெண்கள் தம் தாய்வீட்டில், தம் உடன்பிறந்தாரிடையே, தமக்குரிய மனையில் வாழ்ந்தனர். வீடுகளுக்கிடையே பெண்கள் தெருவுக்கு வாராமலே சென்றுவருவதற்கான குறுகிய முடுக்குகள் அமைந்தன. ஆடவரின் பொருளீட்டம் எங்கே நிகழ்ந்தாலும் அதன் பயன் இவ்வூருக்கே திரும்பியது. ஏனெனில் வீடு இங்கே இருந்தது. இவ்வழக்கத்தால் வீடு கட்டிக்கொடுக்கும் சுமை பெண்ணைப் பெற்றோர்மீது ஏறியது என்பதையும், மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆணே என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஊரை நிலைநிறுத்திய ஏற்பாடே சில குடும்பங்களை நிலைகுலையவும் செய்தது.

மூன்றாவது, கல்வி. ஹிஜ்ரி 1042இல் (கி.பி. 1632) இவ்வூரில் பிறந்து, கீழக்கரையில் அடக்கமாகியுள்ள ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் கஸீதா வித்ரிய்யாவுக்கு எழுதிய தக்மீஸ் இன்றும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஓதப்படுகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது அருணகிரியாரின் சந்தத்தில் திருப்புகழ் பாடிய காசிம் புலவர் இவ்வூரார். 'குத்புநாயகம்' உள்ளிட்ட காப்பியங்களை இயற்றிய செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் (சேகனாப் புலவர்) அவர்களே 1842இல் சீறாப்புராணத்தை முதன்முதலாக அச்சேற்றியவர். கீழக்கரையில் பெரும்பணியாற்றிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816-1898) பிறந்ததும் இவ்வூரே. அரபு எழுத்தில் சில குறிகள் சேர்த்துத் தமிழை எழுதிய அரபுத்தமிழில், பெண்களும் மார்க்கச் சட்டங்களைப் படித்தறிந்தனர். ரஜப் மாதம் முழுவதும் ஸஹீஹுல் புகாரி ஓதப்படும் மஜ்லிஸ் அம்மரபின் தொடர்ச்சி. துறைமுகத்திற்கு ஆழமான கடல் வேண்டும். மஜ்லிஸுக்கு ஓதுவோரும் கேட்போரும் போதும்.

நீரின் நினைவும் நம் நினைவும்

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையினும் அது மிகுதி. தாமிரபரணி கரைபுரண்டது, சாலைகளும் இருப்புப்பாதையும் அறுந்தன, ஊர்கள் தீவுகளாயின. தூர்ந்த ஓடைகளையும் மறந்த தாழ்நிலங்களையும் தேடி நீர் சென்றது. மனிதர் மறந்த நிலவியலை ஆறு மறக்கவில்லை.

அவ்வெள்ளம் ஓர் எச்சரிக்கை. நூலகத்து ஏடும், வீட்டுப் பரணில் கிடக்கும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படியும், மையவாடியின் மீஸான் கல்லும் ஒரே இரவில் அழியக்கூடியவை. கல்லை வெள்ளம் அழிக்காவிடினும், புதுப்பிக்கும் ஆர்வத்தில் நாம் பூசும் சுண்ணாம்பும் சிமெண்டும் அழிக்கும். பழுதான கூரையை மாற்ற வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாற்றுமுன் எழுத்துள்ள கல் ஒவ்வொன்றையும் படமெடுத்து, படித்து, ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். ஜமாஅத் நிர்வாகம் நிக்காஹ் பதிவேட்டைப் பேணுவது போன்று இதனையும் பேணலாம். அரபுக் கல்லூரிகளின் மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொரு விடுமுறையிலும் தத்தம் ஊரின் பத்துக் கற்களைப் படித்து எழுதி வந்தாலும் போதும். சில ஆண்டுகளில் தென்பாண்டிக் கடற்கரை முஸ்லிம்களின் வரலாற்றுக்கு உறுதியான அடித்தளம் அமைந்துவிடும். அதற்குச் செலவு சிறிது, பொறுமை பெரிது.

மார்க்கோ போலோ இறங்கிய மணல் எதுவென்று நாளை ஓர் அகழாய்வு உறுதியாகச் சொல்லக்கூடும். அது பழையகாயலாகவே முடிந்தாலும் காயல்பட்டினத்தார் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. துறை ஆற்றுக்குரியது, ஆறு அதனைக் கொண்டுசென்றது. பள்ளியும் பாடமும் வீடும் ஊராருக்குரியவை. அவற்றை அவர்கள் இதுவரை விட்டுவிடவில்லை. முன்னோரின் பெயர் பொறித்த கற்களையும் அவ்வாறே காக்கும் நல்லுணர்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.